நகை போட்டுக் கட்டிக் கொடுத்தபின் பெண்ணுக்குப் பங்கு உண்டா?

கேள்வி (வைகைக்கரை): மேலூர் பக்கம் தாத்தா காலத்துப் பூர்வீக நிலம். 1985-ல் கல்யாணமான மகள் பங்கு கேட்கலாமா? "போட்ட நகையே பங்கு" என்கிறார்கள் பெரியவர்கள். பேரப்பிள்ளைகளோ கொடுக்கச் சொல்கிறார்கள்.

பதில் (பத்திரப்பேனா): கேட்கலாம். தமிழ்நாடு 1989-லேயே மகளுக்குச் சம பங்கு தந்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு மத்திய அரசு 2005-ல் கொண்டுவந்த திருத்தத்தில் அந்தத் தடை இல்லை. அப்பா அப்போது உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகப்பிரிவினை பதிவாகியிருந்தால் அதைக் கலைக்க முடியாது. ஆகவே முதலில் வில்லங்கச் சான்றிதழ் (நிலத்தின் மீது பதிவான பத்திரங்களைக் காட்டுவது) போட்டுப் பாருங்கள்.

பதில் (அல்லிநகர்): வாரிசுச் சான்றிதழில் மகள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் அங்கேதான் விடுபடுகிறது. பட்டா அண்ணன் பெயரில் மாறிவிட்டதே என்று பயப்பட வேண்டாம், பட்டா மட்டுமே உரிமையைத் தீர்மானிக்காது. படித்துப் பார்க்காமல் விடுதலைப் பத்திரத்தில் (பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவது) கையெழுத்து போடவே கூடாது.

பதில் (பத்திரப்பேனா): அப்பா தானே சம்பாதித்த சொத்து என்றால் கணக்கு வேறு. உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம். எழுதாமல் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சமம், இது 1956-லிருந்தே.

பதில் (கீழமாசி): சட்டத்தைவிடப் பெண்களைத் தடுப்பது தாய்மாமன் சீர்தான். பங்கு கேட்டால் காதுகுத்துக்கு அண்ணன் வரமாட்டானே என்ற பயம். சீர் வழக்கம், பங்கு உரிமை. பேச்சைத் தொடங்கும்போதே இரண்டையும் பிரித்துப் பேசுங்கள்.