புதுப்பிப்பு: லீட் டைம் கணக்கில் இருப்பை எதனால் வகுப்பது?

மூலப்பொருள் முதல் வாடிக்கையாளர் வரை ஒரு பொருள் கடக்கும் படிகளைக் காட்டும் வேல்யூ ஸ்ட்ரீம் வரைபடத்தில் லீட் டைமை, அதாவது பொருள் உள்ளே வந்து வெளியேறும் வரை ஆகும் மொத்த நேரத்தைக் கணக்கிட, இடையில் தேங்கும் இருப்பை அடுத்த இயந்திரத்தின் வேகத்தால் வகுப்பதா, வாடிக்கையாளரின் அன்றாடத் தேவையால் வகுப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். தேவையால் வகுப்பதே சரி. எங்கள் பம்பு ஆலையில் லேத்துக்கு முன் கிடக்கும் 2,400 வார்ப்புகளை, ஒன்றுக்கு 60 வினாடி வீதம் 40 மணி நேரம், அதாவது இரண்டு ஷிப்டில் இரண்டரை நாள் என எழுதியிருந்தேன். ஆனால் நாளொன்றுக்கு 400 பம்புகளே வெளியேறுவதால், லேத் எவ்வளவு விரைவாக ஓடக்கூடியதாக இருந்தாலும், கடைசியாக வந்த வார்ப்பு 6 நாள் காத்திருக்கிறது. 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதியும், சராசரி இருப்பை வெளியேறும் வீதத்தால் வகுத்தால் தங்கும் நேரம் கிடைக்கும் என்றே கூறுகிறது.

பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரின் கணக்கிலும் ஒரு பிழை இருந்தது. பம்பு ஒன்றுக்கு இரண்டு தேவை என்பதை மறந்து, இருப்பிலிருந்த 1,800ஐ 400ஆல் வகுத்துவிட்டேன். 800ஆல் வகுத்தால் இரண்டேகால் நாள்தான் வருகிறது. அதைக் கண்டுபிடித்தவர், வரைபடத்தையே பார்த்திராத ஸ்டோர்ஸ் பொறுப்பாளர்.