“உள்ளே ஸ்ப்ளிண்டர் இருக்கா?” என்று கேட்ட மேட்ரன் மேடம்

எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில், கம்மவான்பேட்டையிலிருந்து கொஞ்ச தூரம். இந்தப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் போகாத வீடு அபூர்வம். அப்பாவும் வெலிங்டனில் பயிற்சி முடித்து மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர், சுபேதாராக ஓய்வு பெற்றார். 1971 போரில் மேற்கு எல்லையில் இருந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் பேசியதில்லை. இடது தொடையில் ஒரு நீளத் தழும்பு உண்டு. சின்ன வயதில் கேட்டபோது “மலையில வழுக்கி விழுந்தேன்டா” என்றார். நாங்களும் நம்பிவிட்டோம்.

போன வருடம் அவருக்கு இடுப்பு வலி தாங்கவில்லை. முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கி ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். ஒரு படிவத்தை என் கையில் கொடுத்து, “சீக்கிரம் சார், ஸ்லாட் போயிடும்” என்றார்கள். உடம்புக்குள் உலோகம் ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி. ‘இல்லை’ என்று டிக் போட்டுக் கொடுத்துவிட்டேன். அப்பாவிடம் கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அந்த நேரத்தில் நர்ஸிங் சூப்பரிண்டெண்ட் ரவுண்ட்ஸ் வந்தார். ராணுவ செவிலியர் பணியில் இருந்து லெஃப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்றவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. பாலக்காட்டுப் பக்கம், மலையாளம் கலந்த தமிழ். கேஸ் ஷீட்டில் ஈ.சி.எச்.எஸ். என்று பார்த்ததும் கட்டிலருகே வந்து, “எந்த ரெஜிமெண்ட், சாப்?” என்று ஹிந்தியில் கேட்டார்.

அப்பா எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. படுத்தபடியே இரண்டு குதிகாலையும் ஒட்டி, கைகளை விலாவோடு சேர்த்து, பார்வையை நேரே மேலே நிறுத்திக்கொண்டார். எழுபத்தைந்து வயது மனிதர் படுக்கையில் சாவ்தானில், அதாவது அட்டென்ஷனில், இருந்ததை அன்றுதான் பார்த்தேன். மேடம் மெதுவாக, “விஷ்ராம், சுபேதார் சாப்” என்றார். அப்புறம்தான் அப்பாவின் தோள் தளர்ந்தது.

ரெஜிமெண்டைச் சொன்னதும் அடுத்த கேள்வி, “எழுபத்தொண்ணுல எங்கே?”

“ஷகர்கர், மேடம்.” மேற்கு எல்லைப் போர்முனை அது.

“உள்ளே ஸ்ப்ளிண்டர் இருக்கா?”

குண்டு வெடித்துச் சிதறிய துண்டைத்தான் கேட்டார். அப்பா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, “சோட்டா சா” என்றார். சின்னதுதானாம்.

மேடம் அங்கேயே எம்.ஆர்.ஐ.யை நிறுத்தி எக்ஸ்ரே எடுக்க வைத்தார். படத்தில் இடுப்பெலும்பை ஒட்டி மூன்று வெள்ளைப் புள்ளிகள், சீரகம் அளவு. ஷெல் துண்டு பெரும்பாலும் இரும்பு, எம்.ஆர்.ஐ. காந்தம் அதை அசைக்கலாம், சூடாக்கலாம், ரத்தக்குழாயோ நரம்போ பக்கத்தில் இருந்தால் ஆபத்து என்று ரேடியாலஜி டாக்டர் விளக்கினார். கடைசியில் சி.டி. எடுத்தார்கள். என் டிக் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

“உங்களுக்கு எப்படித் தோணுச்சு மேடம்?” என்று கேட்டேன். 1999இல் கார்கில் நேரத்தில் அவர் ஸ்ரீநகர் 92 பேஸ் ஹாஸ்பிட்டலில் இளம் அதிகாரி. “சின்னத் துண்டை எடுக்கப் போனா சேதம் கூடும்னு உள்ளேயே விட்டு அனுப்புவோம், தம்பி. அந்தப் பையன்களும் ஒருநாள் கிழவன் ஆவாங்க இல்லையா?”

அம்மாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. “எனக்குக் கல்யாணமான வருஷமே தெரியும். பிள்ளைங்ககிட்ட சொல்லாதேன்னார்.”

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொண்ட செவிலியர்கள் பற்றி எழுதுங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு ஸ்டாஃப் நர்ஸ்:

அண்ணா, நான் இதே மாதிரி ஒரு மேடத்திடம் நான்கு வருடம் வேலை பார்த்தேன். ராணுவத்தில் செவிலியர்கள் அதிகாரிகள் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. லெஃப்டினன்டில் தொடங்கி மேஜர் ஜெனரல் வரை போகலாம். 1888இல் பம்பாயில் வந்து இறங்கிய பத்து செவிலியர்களிடமிருந்து அவர்களுடைய வரலாறு தொடங்குகிறது. 1926 அக்டோபர் 1 அன்று பணி முறையாக அமைந்தது, அதனால் வருடா வருடம் அந்த நாளில் மேடம் எங்களுக்கு லட்டு வாங்கித் தருவார்.

அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த இரண்டு விஷயம் இன்றும் கூடவே இருக்கிறது. தூங்குகிற பட்டாளத்துக்காரரைத் தலைமாட்டில் நின்று தொடக்கூடாது. கால்மாட்டில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும். ஒருமுறை நான் மறந்து தோளைத் தொட்டேன். தாத்தா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி! கண்விழித்து என்னைப் பார்த்ததும் அவர் அழுததுதான் எனக்கு அதைவிட வலித்தது.

இன்னொன்று, அவர்களிடம் “வலி பத்துக்கு எவ்வளவு” என்று கேட்டால் எல்லோரும் இரண்டு என்பார்கள். “ராத்திரி எத்தனை தடவை முழிச்சீங்க, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியலை?” என்று கேட்கச் சொல்வார். அப்படிக் கேட்டால் உண்மை வந்துவிடும்.

கோவையிலிருந்து:

என் மாமா முதுகுத்தண்டில் அடிபட்டு புனே கட்கியில் உள்ள பாராப்ளெஜிக் மையத்தில் இருந்தார். அங்கே அவரைக் கவனித்த, ராணுவத்தில் இருந்து வந்த அம்மா ஒருவர் நீளக் கைப்பிடி வைத்த ஒரு கண்ணாடியைக் கொடுத்து, தினமும் காலையில் தன் முதுகையும் பின்புறத்தையும் தானே பார்த்துக்கொள்ளப் பழக்கினார். உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வந்தால் வலி தெரியாது, தோல் சிவந்ததுமே கண்ணால் கண்டுபிடித்துவிடவேண்டும். ஊருக்கு வந்தபோதும் மாமா பெட்டியில் முதலில் எடுத்துவைத்தது அந்தக் கண்ணாடியைத்தான். ஒரு புண்கூட வரவிடவில்லை.

தொடங்கியவர்:

படித்ததும் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். மணிக்கட்டு விஷயத்துக்கு ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். டிஸ்சார்ஜ் அன்று மேடம் ஒரு சின்ன அட்டையில் சிவப்பு மையில் ‘உடலில் இரும்புத் துண்டுகள் உள்ளன, எம்.ஆர்.ஐ.க்கு முன் பார்க்கவும்’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஈ.சி.எச்.எஸ். கார்டு உறையில் அதைச் செருகி வைத்திருக்கிறார். இப்போதெல்லாம் சர்க்கரை டெஸ்ட்டுக்குப் போனாலும் கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டுகிறார்.