80 ஆயிரத்துல கேமிங் பிசி, இந்த கொட்டேஷன் ஓகேவா?

போரூர்_கேமர்
எல்லாருக்கும் வணக்கம், ஒரு ஹெல்ப் வேணும். மானிட்டர் இல்லாம பட்ஜெட் 80 ஆயிரம். மானிட்டர் இருக்கு, 1080பி 144 ஹெர்ட்ஸ். டெய்லி ஆடறது வாலரண்ட் தான், ஆனா சைபர்பங்க் மாதிரி பெரிய கேமையும் ஹை செட்டிங்ஸ்ல ஆடணும்னு ரொம்ப நாள் ஆசை. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைல கொட்டேஷன் போட்டுக் குடுத்தாங்க: ஐ5 12400எஃப் ப்ராசசர், எச்610 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, முன்னாடி முழுக்க கண்ணாடி வச்ச கேபினெட், ஆர்ஜிபி (கலர் லைட்) ஃபேன் 6. எஸ்எம்பிஎஸ்னு (பிசிக்குக் கரண்ட் குடுக்கற பவர் சப்ளை) எழுதி 500 வாட்னு மட்டும் போட்டிருக்கு, கம்பெனி பேரே இல்ல. அட்வான்ஸ் குடுத்தா நாளைக்கே அசெம்பிள் பண்ணித் தரேங்கறாரு. குடுக்கலாமா?

எஸ்எம்பிஎஸ்_சித்தர்
தம்பி, அட்வான்ஸ் மட்டும் குடுத்துடாதீங்க. அந்த 3050 6 ஜிபி இருக்கே, 2022ல வந்த 8 ஜிபி 3050 கிடையாது அது. பேரு ஒண்ணுதான், கோர் கம்மி, மெமரி பஸ் 128 பிட்ல இருந்து 96 பிட் ஆயிடுச்சு, 70 வாட்ல ஓடற கார்டு. வாலரண்டுக்கு ஓகே, சைபர்பங்க் ஹைல எல்லாம் நினைச்சுக்கூட பாக்காதீங்க. பட்ஜெட்ல பாதி கார்டுக்கே போகணும். ஆர்டிஎக்ஸ் 5060 பாருங்க, கொஞ்சம் இழுக்க முடிஞ்சா ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி, ஏன்னா இப்ப வர்ற கேம்ல டெக்ஸ்சர ஏத்தினா 8 ஜிபி சட்டுனு ரொம்பிடுது.

அப்புறம் எஸ்எம்பிஎஸ். கடைல அந்தப் பெட்டியக் கைல வாங்கி சைடுல ஒட்டியிருக்கற லேபிளப் படிங்க. 12 வோல்ட்டுக்கு நேரா எத்தன ஆம்பியர்னு இருக்கும், அத 12ஆல பெருக்குங்க. 20 ஆம்பியர்னா 240 வாட், அவ்ளோதான், மேல 500னு எவ்ளோ பெருசா போட்டிருந்தாலும் சரி. 5060 மட்டுமே 145 வாட், 12400எஃப் ஃபுல் லோடுல 117 வரைக்கும் போகும், கூட்டிப் பாத்துக்கோங்க. நல்ல கம்பெனில 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (கரண்ட வீணாக்காததுக்குக் குடுக்கற ரேட்டிங்) போட்ட 550 இல்ல 650 வாட் வாங்குங்க, 5 வருஷம் வாரண்டி இருக்கறதா பாத்து. ஆர்ஜிபி ஃபேன தூக்கினாலே பாதி காசு இங்க வந்துடும்.

திருவான்மியூர்காரி
சித்தர் சொன்னதுதான், கூடவே கேபினெட்டையும் மாத்துங்க. முன்னாடி கண்ணாடின்னா காத்து எங்கேர்ந்து உள்ள போகும், அதுவும் மே மாசம் ஏசி இல்லாத ரூம்ல. மெஷ் வச்சது எடுங்க, தூசி ஃபில்டர் கழட்டிக் கழுவற மாதிரி இருக்கணும்.

ஒரே ஸ்டிக் ரேம் வேணாம், 8+8 போடுங்க. டூயல் சேனல் (ரெண்டு ஸ்டிக்கும் சேந்து வேலை செய்யறது) இல்லன்னா வாலரண்ட்லதான் நல்லா தெரியும், ஏன்னா அது கார்ட விட ப்ராசசரத்தான் அதிகம் நம்புது. ஆவரேஜ் எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தன ஃப்ரேம்) நல்லா காட்டும், நடுவுல நடுவுல டக்குனு விழும். ஆனா 2025 கடைசிலேர்ந்து ரேம் விலை ஏறிக் கிடக்கு, ஏஐ டேட்டா சென்டர்காரங்க அள்ளிட்டுப் போறாங்க. வீட்ல பழைய சிஸ்டம் எதாவது இருந்தா அதுல டிடிஆர்4 ரேம் இருக்கான்னு பாருங்களேன்.

லேக்_ஸ்பைக்
12400எஃப் எதுக்கு ப்ரோ இன்னமும்? அந்த சாக்கெட் (போர்டுல ப்ராசசர் உக்கார்ற இடம்) இன்டெல் 14வது ஜென்னோட முடிஞ்சு போச்சு. ரைசன் 5 7600 + பி650 போடுங்க, ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரைக்கும் சப்போர்ட் உண்டுன்னு ஏஎம்டியே சொல்லிருக்கான், நாளைக்கு ப்ராசசர் மட்டும் மாத்திக்கலாம். இன்னொண்ணு, 7600ல உள்ளயே கிராபிக்ஸ் இருக்கு, கார்டு வாரண்டிக்குப் போனாலும் சிஸ்டம் ஓடும். எஃப்னு முடியற இன்டெல்ல கார்டு இல்லன்னா ஸ்க்ரீனே வராது.

போரூர்_கேமர்
ரொம்ப தேங்க்ஸ். அக்கா, அண்ணனோட பழைய சிஸ்டம்ல 8+8 டிடிஆர்4 3200 சும்மாதான் கிடக்கு! ஏஎம்5 போனா அது வேஸ்ட் ஆயிடுமே? அப்புறம் எங்க ஏரியால கரண்ட் போய்ப் போய் வருது, 600 விஏ யுபிஎஸ் இருக்கு, போதுமா?

லேக்_ஸ்பைக்
ஆமா, ஏஎம்5ல டிடிஆர்5 மட்டும்தான். ஓசில 16 ஜிபி கிடைக்குதுன்னா நான் வாய மூடிக்கறேன் 😄 12400எஃப்பே போடுங்க, மிச்ச காச கார்டுல கொட்டுங்க.

திருவான்மியூர்காரி
அப்ப போர்டு டிடிஆர்4 மாடலான்னு பாக்ஸ்ல பாத்து வாங்குங்க, எச்610 ரெண்டு டைப்லயும் வருது. டிடிஆர்5 போர்டுன்னா ரேம்ல நடுவுல வர்ற வெட்டுக்கு இடம் மாறியிருக்கும், அமுக்கினாலும் உக்காராது. மாட்டினதும் பயாஸ்ல எக்ஸ்எம்பி ஆன் பண்ணுங்க, இல்லன்னா 3200 ரேம் கம்மி ஸ்பீடுலயே ஓடிட்டிருக்க சான்ஸ் இருக்கு. வின்டோஸ் 11 போடறதா இருந்தா அங்கயே செக்யூர் பூட்டும் டிபிஎம்மும் ஆன்ல இருக்கணும், இல்லன்னா வாலரண்ட் தொறக்காது.

எஸ்எம்பிஎஸ்_சித்தர்
600 விஏன்னா சுமாரா 360 வாட்தான். கேம் ஓடும்போது மானிட்டரும் சேந்தா ஓரத்துலயே நிக்கும், அந்த நேரத்துல கரண்ட் போனா பீப் பீப்னு கத்திட்டு மொத்தமா ஆஃப் ஆக சான்ஸ் இருக்கு. 1100 விஏ போங்க, அதுவும் சேவ் பண்ணி ஷட்டவுன் பண்ற அளவுக்குத்தான், மேட்ச முடிக்கலாம்னு நினைக்காதீங்க. மறுபடி கடைக்குப் போனா கவர்ன்மென்ட் எஸ்டேட் மெட்ரோல இறங்கி நடந்துடுங்க, பைக் நிறுத்த இடம் கிடைக்காது, ஞாயித்துக்கிழமை முக்காவாசி கடை லீவு. பில் இல்லாம குறைச்சுத் தரேன்னு சொன்னா வேணாம்னுடுங்க. 18 சதவீதம் ஜிஎஸ்டி போனாலும் போகட்டும், பில்லுல கார்டோட சீரியல் நம்பர் ஏறியிருக்கான்னு அங்கயே நின்னு பாத்துட்டு வாங்க.