மறு: 'சராசரி விதி' பொருந்துமா? – சைக்கிள் காப்பீட்டுச் சொற்கள்

> ஆவரேஜ் கிளாஸ் (average clause) = சராசரி விதி
> எக்சஸ் = கழிவுத் தொகை
> ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்.

இரண்டுக்கும் உண்டு ஐயா.

இந்த 'ஆவரேஜ்' கணக்குப் பாடத்துச் சராசரி அல்ல. கப்பலுக்கோ சரக்குக்கோ நேரும் சேதத்தைக் குறிக்கும் 'அவாரி' என்ற பிரெஞ்சுச் சொல்லின் உறவு. சராசரி என்று எழுதினால், எதையோ கூட்டி வகுக்கப் போகிறார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

நடப்பது இது. சைக்கிளின் மதிப்பு 1,00,000, காப்பீடு 60,000-க்கு. கீழே விழுந்து ஃபோர்க்கும் முன்சக்கரமும் போனதில் சேதம் 30,000. அறுபதுக்குள் அடங்குகிறதே, முழுசாகக் கிடைக்கும் என்று தோன்றும். பாலிசியில் இந்த விதி இருந்தால் கிடைக்காது. மதிப்பில் 60 விழுக்காட்டுக்கே பிரீமியம் கட்டியிருப்பதால் சேதத்திலும் 60 விழுக்காடுதான்: 18,000. எனவே 'விகிதக் குறைப்பு விதி' என்கிறேன். நீளம்தான், ஆனால் கணக்கு பெயரிலேயே இருக்கிறது.

வாங்கிய பில்லை வைத்துத் தொகையை எழுதிவிட்டு, பிறகு கார்பன் சக்கரங்களும் மிதிக்கும் திறனை அளக்கும் பவர் மீட்டரும் மாட்டுபவர்கள்தான் இதில் அதிகம் சிக்குவார்கள். சைக்கிளின் மதிப்பு ஏறிவிடும், பாலிசித் தொகை அப்படியே கிடக்கும். பழையதற்குப் புதியது என்னும் 'நியூ ஃபார் ஓல்டு' பாலிசியில் இன்னொரு சிக்கல்: அங்கே மதிப்பு என்பது இன்று புதிதாக வாங்க ஆகும் விலை. எதையும் மாற்றாமலே, விலையேற்றத்தால் மட்டும் தொகை போதாமல் போகலாம்.

> அந்த நிலைக்கு, அதாவது அண்டர் இன்சூரன்ஸுக்கு?

குறைக்காப்பீடு. குறைப்பிரசவம் போல வல்லினம் மிக வேண்டும்.

'கழிவு' கடைக்காரர் தரும் தள்ளுபடியையும் குறிக்கும், சாக்கடையில் போவதையும் குறிக்கும். எக்சஸ் என்பது ஒவ்வொரு கிளெய்மிலும் நம் கையை விட்டுப் போகும் பணம். 'தன்பங்கு' போதும். "தன்பங்கு 5,000 போக மீதி வரும்" என்று வாக்கியத்தில் இடறாமல் உட்காருகிறது.

—

தன்பங்குக்கு என் வாக்கு. ஆனால் வரையறையில் ஒரு வரி சேருங்கள்: விகிதக் குறைப்புக்கு முன்பா, பின்பா? உங்கள் கணக்கிலேயே பின்பு கழித்தால் 18,000 – 5,000 = 13,000. முன்பே கழித்தால் 25,000-இல் 60 விழுக்காடு, 15,000. பாலிசி வாசகத்தில் வரிசையைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

'அக்சசரீஸ்' என்பதைத் 'துணைக்கருவிகள்' என்று பொதுவாக விட்டதும் போதாது. வண்டியில் போல்ட் போட்டு மாட்டியது வேறு, கிளிப்பிலிருந்து ஒரே இழுப்பில் கழற்றக்கூடிய விளக்கும் ஜிபிஎஸ் கருவியும் வேறு. பின்னவை தனியாகத் திருடு போனால் பல பாலிசிகளில் பணம் வராது. வண்டியோடு சேர்ந்து போனால்தான். 'பொருத்திய கருவி', 'கழற்றும் கருவி' என்று இரண்டாகப் பிரிக்கலாம். ஹெல்மெட், ஷூ ஆகியவை உடலில் அணிபவை, இரண்டிலும் சேரா. 'அணிபொருள்' என்று தனிப் பதிவு வேண்டும்.

—

மூன்றையும் ஏற்கிறேன். சைக்கிளை எதோடு சேர்த்துப் பூட்ட வேண்டும் என்கிற பூட்டு விதியில் வரும் 'இம்மூவபிள் ஆப்ஜெக்ட்' பாக்கி இருக்கிறது. 'அசையாப் பொருள்' என்றால் வீடு, நிலம் என்று சொத்துப் பத்திர வாடை அடிக்கிறது. ஃபிரேமையும் சேர்த்துப் பூட்டும் கம்பம் அது. சக்கரத்தை மட்டும் பூட்டினால் சக்கரத்தைக் கையாலேயே கழற்ற உதவும் குயிக் ரிலீஸைத் தளர்த்திச் சக்கரத்தை விட்டுவிட்டு மிச்சத்தைத் தூக்கிப் போய்விடுவார்கள். 'பெயராப் பிடிமானம்' சரிவருமா?