கோர்ட் மார்ஷலுக்குத் தமிழில் என்ன சொல்?

உவர்மலையிலிருந்து:
வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன். சட்டம் படிக்கும் நம் பிள்ளைகளுக்குக் குற்றவியலையும் படையினர் சட்டத்தையும் சேர்த்து ஒரு வாசிப்புக் கையேடு செய்கிறேன். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, 1979இன் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, இவற்றில் சிக்கல் இல்லை. 1949இன் 17ஆம் இலக்க இராணுவச் சட்டத்துக்கு வந்ததும், படையினரைப் படை அதிகாரிகளே விசாரித்துத் தீர்ப்பளிக்கும் கோர்ட் மார்ஷல் வந்துவிடுகிறது. பத்திரிகைகளைப் பார்த்து நானும் நேற்று கரும்பலகையில் 'இராணுவ நீதிமன்றம்' என்று எழுதினேன். முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், நேவிக்காரரையும் அங்கேதான் விசாரிப்பார்களா?" என்று கேட்டாள். திருகோணமலைப் பிள்ளை கேட்காமல் வேறு யார் கேட்பது? கோட்டைக்குள் இராணுவம், டொக்யார்டில் கடற்படை, சீனன்குடாவில் விமானப்படை. மூன்றுக்கும் வேறு வேறு சட்டம், மூன்றிலும் கோர்ட் மார்ஷல் உண்டு. நம் பேச்சில் இராணுவம் என்றால் தரைப்படை மட்டும்தான். எழுதியதை அழித்துவிட்டேன், பதிலுக்கு எழுத ஒன்றும் கையில் இல்லை.

நிலாவெளியிலிருந்து:
பிள்ளை, முதலில் மூலத்தைப் பார்ப்போம். தமிழில் எழுதும்போது இரண்டு மார்ஷலும் ஒன்றாகிவிடுகின்றன. பீல்ட் மார்ஷலில் இருப்பது பழைய ஜெர்மானியச் சொல், குதிரைப் பணியாள் என்று பொருள். கோர்ட் மார்ஷலில் இருப்பவன் ரோமரின் போர்த்தெய்வம் மார்ஸ். மார்ஸ் என்றால் செவ்வாய். செவ்வாய்க்கு நம்மிடம் உரிய தெய்வம் முருகன், அவனோ தேவசேனாபதி. 'சேய்' என்ற ஒரே சொல் செவ்வாயையும் குறிக்கும், முருகனையும் குறிக்கும். ஆகவே 'சேய்மன்று' என்று வைக்கலாம். மன்று என்பதை மட்டும் விடக்கூடாது. சோழர் கல்வெட்டுகளில் 'மன்றுபாடு' என்றால் நீதிசபை விதித்த தண்டம். மன்றாடுவதும் அந்த மன்றில் நின்று முறையிட்டதிலிருந்து வந்ததுதான் என்பது என் எண்ணம்.

சாம்பல்தீவிலிருந்து:
ஐயா, சேய்மன்று என்றால் பிள்ளைகள் சிறுவர் நீதிமன்றம் என்றுதான் விளங்குவார்கள். எனக்கு நீதிமன்றம் என்ற சொல்லே உறுத்துகிறது. அங்கே தலைவரும் உறுப்பினரும் படை அதிகாரிகள். சட்டம் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருப்பார், ஆனால் குற்றவாளியா இல்லையா என்று சொல்வது அதிகாரிகள்தான். மதுரைக்காஞ்சியில் 'அறங்கூறு அவையம்' இருக்கிறதே, அந்த அவையை எடுத்துப் 'படையவை' என்போம்.

நிலாவெளியிலிருந்து:
அந்த அவையத்துக்குப் புலவர் சொன்ன இலக்கணம் 'செற்றமும் உவகையும் செய்யாது காத்து' என்பது. தன் மேலதிகாரி கூட்டிய சபைக்கு அந்தப் பெயரைத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மூதூரிலிருந்து:
சாம்பல்தீவு அண்ணை, வழக்குப் பேசுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நீதிமன்றம் என்ற சொல்லை நீக்கினால் பிள்ளைகள் ஒரு முக்கியமான தீர்மானத்தைத் தவறவிடுவார்கள். 2010இல் கோர்ட் மார்ஷல் முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கு 30 மாதச் சிறை விதித்தது, பாராளுமன்ற ஆசனமும் போனது. சிறைத்தண்டனையால் வரும் தகுதியிழப்பைச் சொல்லும் அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரையில் வரும் 'நீதிமன்றம்' கோர்ட் மார்ஷலையும் அடக்குமா என்பதே கேள்வி. அடக்கும் என்று 2011 ஜனவரியில் நாட்டின் உச்சமான உயர் நீதிமன்றம் சொன்னது. அது சரியா பிழையா என்று வகுப்பில் வாதாடலாம், ஆனால் வாதாடுவதற்கே அந்தச் சொல் வேண்டும். 'படைத்துறை நீதிமன்றம்' என்று போடுங்கள், மூன்று படைக்கும் பொருந்தும், யாருக்கும் விளங்கும்.

சாம்பல்தீவிலிருந்து:
சரி, அந்தத் தீர்மானத்தை நான் யோசிக்கவில்லை. படையவையை விட்டுவிடுகிறேன்.

கிளிவெட்டியிலிருந்து:
எனக்கு உடன்பாடில்லை. குமாரபுரம் எங்களுக்குப் பக்கத்து ஊர். 1996இல் நடந்த கொலைகள், குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் படையினர், ஆனால் வழக்கு கோர்ட் மார்ஷலில் நடக்கவில்லை. அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் யூரர் முன் நடந்தது, 2016இல் ஆறு பேரும் விடுதலையானார்கள். அன்று என் மாமி அடுப்படியில் இருந்தபடி, "ஆமிக் கோடு ஆமியை விட்டிட்டுது" என்றா. ஆமியின் கோடு இல்லை மாமி, எல்லாருக்கும் உரிய நீதிமன்றம்தான் என்று சொன்னேன், அவ அரிசி களைவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. 'படைத்துறை நீதிமன்றம்' என்றால் படையினரை விசாரிக்கும் எந்த நீதிமன்றமும் அதுதான் என்ற மயக்கம் அப்படியே இருக்கும். தீர்ப்பளிப்பவரும் படையினர் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். 'படைமன்று' போதும்.

உவர்மலையிலிருந்து:
தம்பி, 'படைமன்று' என்று கேட்டால் அதுவும் படையினரை விசாரிக்கும் இடமாகத்தானே படுகிறது? எனக்கு வேறு நாளும் இல்லை. மூதூர், சாம்பல்தீவு, நான், மூன்று பேர் 'படைத்துறை நீதிமன்றம்' பக்கம், அதையே போடுகிறேன். குமாரபுரம் வழக்கை அதே பக்கத்தில், மேல் நீதிமன்றம் என்ற தலைப்பின் கீழ் சேர்க்கிறேன். அந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் அங்கே படிக்கட்டும்.

நிலாவெளியிலிருந்து:
சேய்மன்றை விட்டுவிட்டேன். ஆனால் மன்றை விடமாட்டேன். கிளிவெட்டித் தம்பியின் படைமன்றுக்கு என் பெயரையும் சேர்த்துக்கொள், பிள்ளை. மூன்றுக்கு இரண்டு.