மூணு குழல் ஜெர்மன் வேட்டைத் துப்பாக்கி: எந்த கம்பெனி, என்ன விலை போகும்?

கார்த்தி_உல்ம்:
வணக்கம் மக்களே, வீட்டம்மாவோட தாத்தா போன மாசம் தவறிட்டாரு. வேட்டைக்குப் போற ஆளு, அவரோட இரும்பு அலமாரியில ஒரு பழைய துப்பாக்கி இருக்கு, மேல ரெண்டு ஷாட்கன் குழல் பக்கத்துப் பக்கத்துல, அடியில நடுவுல ஒரு ரைஃபிள் குழல், ஆனா ட்ரிகர் ரெண்டுதான். குழல் மேல லைப்சிக்னு ஊர் பேரும் ஒரு ஆள் பேரும் இருக்கு, கூகுள்ல தேடினா ஒண்ணும் சிக்கல. மடக்கித் திறந்தா அடியில நிறைய முத்திரை, கிரீடத்துக்குக் கீழ யு, எஸ், டபிள்யூ, ஜி, ஒரு வட்டத்துக்குள்ள 16, அப்புறம் 7,8 மிமீ / 57, ஒரு ஓரத்துல 4 28. மச்சான் இது லுஃப்ட்வாஃபே, அதாவது ஹிட்லர் காலத்து ஜெர்மன் விமானப்படைத் துப்பாக்கி, வித்தா காரே வாங்கலாம்ங்கிறான். நிஜமா? மாமியாருக்கு வேட்டை லைசென்ஸ் எதுவும் கிடையாது.

வன்னியன்:
கார்த்தி, விலையைப் பிறகு பாப்பம், முதல்ல பேப்பர் அலுவலைப் பாருங்கோ. நான் இங்க ஜெர்மனியில யாக்ட்ஷைன் எண்டுற வேட்டை லைசென்ஸ் வச்சிருக்கிறன், அதால சொல்லுறன். ஆள் செத்த பிறகு ஆயுதம் கையில வந்தா உடனே வாஃபன்பெஹோர்டே எண்டுற ஆயுத அலுவலகத்துக்கு அறிவிக்கோணும், பரம்பரையா வச்சிருக்கப் போறியள் எண்டா சொத்தை ஏற்றுக்கொண்டு ஒரு மாசத்துக்குள்ள மாமி தன்ர பேரில ஆயுதம் வச்சிருக்கிற கார்டுக்கு விண்ணப்பிக்கோணும். லைசென்ஸ் இல்லாத வாரிசு எண்டபடியா குழலுக்குள்ள பூட்டு போட்டுத்தான் வச்சிருக்க விடுவினம், மூண்டு குழலுக்கும் பூட்டு போட காசு போகும். பேசாமல் லைசென்ஸ் உள்ள ஆளுக்கோ கடைக்கோ குடுக்கிறது லேசு. உங்கட காரில வச்சு போட்டோ எடுக்க அங்க இங்க கொண்டு திரியாதேங்கோ. அது டிரில்லிங் எண்டுற மூண்டு குழல் துப்பாக்கிதான், அதில சந்தேகமே இல்லை.

பழைய_இரும்பு:
மச்சானை சும்மா இருக்கச் சொல்லுங்க 😄 லுஃப்ட்வாஃபே டிரில்லிங்னு ஊர் பூரா பேசுறது சவர் கம்பெனியோட எம் 30, 1941-42ல விமானிங்களுக்குன்னு செஞ்சது, மேல ரெண்டும் 12 கேஜ் (ஷாட்கன் குழலோட அகல அளவு), கீழ 9,3x74ஆர்ங்கிற தோட்டாவுக்கு ரைஃபிள் குழல், அலுமினியப் பெட்டியோட வரும், கட்டையில கழுகு முத்திரை இருக்கும். உங்களுது 16 கேஜ், அதோட அந்த 4 28ங்கிறது 1928 ஏப்ரல்ல சோதனை பண்ணினாங்கன்னு அர்த்தம், அப்ப லுஃப்ட்வாஃபேன்னு ஒண்ணு அதிகாரப்பூர்வமா கிடையவே கிடையாது.

மேல இருக்கிற பேரு பெரும்பாலும் கடைக்காரர் பேரு. சூல், செல்லா மேஹ்லிஸ்ங்கிற ஜெர்மன் ஊருங்க பக்கம் சின்னச் சின்னப் பட்டறையில குழல் ஒருத்தர், சுடுற விசை ஒருத்தர், செதுக்கு வேலை ஒருத்தர்னு செஞ்சு லைப்சிக், பெர்லின் கடைக்கு அனுப்புவாங்க, கடைக்காரர் தன் பேரைப் போட்டு விப்பாரு. அதனால பேரை விட்டுட்டு அடியில பாருங்க. கிரீடம் யு சோதனை முடிச்சதுக்கு, எஸ் ரவை (சின்னச் சின்ன ஈயக் குண்டு) போடுற குழலுக்கு, டபிள்யூ வாய் குறுகலா சோக் வச்ச குழலுக்கு, ஜி உள்ள வரி போட்ட ரைஃபிள் குழலுக்கு. இந்தக் கிரீட முத்திரை 1891 சட்டத்துல வந்து 1940 வரை ஓடுச்சு, அப்புறம் கழுகு.

முக்கியமான விஷயம், 7,8 மிமீங்கிறது தோட்டா அளவு இல்ல, குழலுக்குள்ள வரி மேட்டுக்கு மேட்டு எடுத்த அளவு. 57 தோட்டாக் கூட்டோட நீளம். ஆக பெரும்பாலும் 8x57 ஆர் வகைத் தோட்டாதான், ஆனா அதுல ரெண்டு இருக்கு, பழைய குண்டு 8,07 மிமீ, பேர்ல எஸ் போட்ட தோட்டா (முத்திரை எஸ் வேற) 8,2 மிமீ சொச்சம், அழுத்தமும் ஜாஸ்தி. பழைய குழல்ல எஸ் தோட்டா போட்டு சுட்டா வினையை விலைக்கு வாங்குற மாதிரி. 16 கேஜ் பக்கமும் அப்படித்தான், அந்தக் காலத்துக் குழல்ல பல 65 மிமீ அறை, இப்ப கடையில கெடைக்கிறது 70. துப்பாக்கிப் பட்டறையில அச்சு எடுத்து அளந்து பாக்காம ஒருத்தரும் சுடக்கூடாது, வாங்குறவர்கிட்டயும் இதைச் சொல்லிடுங்க.

கார்த்தி_உல்ம்:
அண்ணே சூப்பர், இவ்ளோ தெளிவா யாரும் சொல்லல. கட்டை மேல பெருவிரல் படுற எடத்துல ஒரு சின்ன பட்டன் இருக்கு, அதை முன்னாடி தள்ளினா குழல் மேல ஒரு குட்டி தகடு டக்குனு எந்திரிக்குது, அது என்ன? அப்புறம் விலை?

பழைய_இரும்பு:
அதான் இந்த வேலையோட அழகே. பட்டனைத் தள்ளினா முன் ட்ரிகர் ரவைக் குழலை விட்டு ரைஃபிளுக்கு மாறிடும், கூடவே குறி பாக்குற தகடும் எந்திரிக்கும். பன்றியோ முயலோ எது வந்தாலும் ஆள் தயார். ட்ரிகரை முன்னாடி தள்ளி வைக்கிற மாதிரி இருந்தா தொட்டாலே வெடிக்கும், காலித் துப்பாக்கின்னு நெனச்சு அதோட விளையாடாதீங்க.

விலை ஜெர்மனில ஏமாத்தம்தான். தாத்தாக்கள் போகப் போக சந்தைக்கு வந்துட்டே இருக்கு, லைசென்ஸ் உள்ளவன் மட்டும்தான் வாங்க முடியும், அவனும் ஸ்கோப் (குறி பாக்குற தூரக்கண்ணாடி) வச்ச புது ரைஃபிள்தான் கேக்குறான். பேர் இல்லாத டிரில்லிங் பெரும்பாலும் சில நூறு யூரோ. மெர்கல், கிரீகாஃப்னு பெரிய கம்பெனி பேரு இருந்தா கதை வேற. அமெரிக்காவுல இன்னும் ஜாஸ்தி விலை கெடைக்கும், ஆனா ஏற்றுமதி பேப்பர் செலவுல லாபம் போயிரும். குழல் உள்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கணும், குழி விழுந்திருந்தா பாதி விலை. செதுக்கு வேலையை யாரோ பாலிஷ் போட்டு தேச்சிருந்தா அதுவும் போச்சு, நீங்க எதையும் தேய்க்காதீங்க, பஞ்சுல எண்ணெய் தொட்டு துடைச்சா போதும்.

வன்னியன்:
குழலுக்கு மேல சதுரமா ரெண்டு பள்ளம் கிடக்குதோ எண்டு பாருங்கோ. அது ஸ்கோப்பின்ர கால் கொளுவுற இடம். இருந்தா தாத்தாவின்ர லாச்சியெல்லாம் தேடுங்கோ, அந்தக் காலை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கையால அராவித்தான் பொருத்தினவை, வேற ஸ்கோப் அப்பிடியே அதில ஏறாது. ஆம்பிட்டா தனியா வித்துப்போடாதேங்கோ, சேர்த்துக் குடுத்தாத்தான் நல்ல காசு.