வலக்காலில் கியர்: அப்பாவின் புல்லட்டுடன் மூன்று சீசன்கள்

திருவொற்றியூர் உறுப்பினர்:

பழைய வண்டியைப் பந்தயத்தில் ஓட்டியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்று இந்தக் குழுவில் கேட்டிருந்ததால் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்று சீசன்களில் நான் ஒரு கோப்பையும் வாங்கவில்லை. பதினொரு வண்டிகள் ஓடிய பந்தயத்தில் ஆறாவதாக வந்ததுதான் நான் தொட்ட உயரம்.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-இல் சேர்ந்து உருவாக்கிய, புல்லட் தயாரித்த என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் என் அப்பா இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். அவர் வைத்திருந்த 1978-ஆம் ஆண்டுப் புல்லட் 350, அவர் காலமான பிறகு ஆறு ஆண்டுகள் மாடிப்படிக்குக் கீழே சாக்குப் போர்த்தியபடி நின்றது. கடலுக்கு நானூறு அடி தூரத்தில் இருக்கும் வீட்டில் ஆறு ஆண்டுகள் நின்ற இரும்பு என்ன ஆகும் என்பதை எண்ணூர், காசிமேடு பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஸ்போக் கம்பிகளைக் கையால் முறிக்க முடிந்தது. விற்றுவிடலாம் என்று அம்மா சொன்னார். காயலாங்கடைக்காரர் ஒரு விலையும் சொன்னார். அந்த விலையைக் கேட்ட கோபத்தில்தான் வண்டியைப் பிரித்தேன்.

வண்டி ஓடத் தொடங்கிய அதே ஆண்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் பழைய வண்டிகளுக்கென்று ஒரு துணைப் பந்தயம் இருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். போட்டி உரிமம், மருத்துவச் சான்று, இரவல் வாங்கிய தோல் உடை, எல்லாம் தயாராயின. ஹெட்லைட், கண்ணாடிகள், மெயின் ஸ்டாண்டு ஆகியவற்றைக் கழற்றினேன். ஆயில் டிரெயின் போல்ட்டு தானாகக் கழன்றுவிடாதபடி கம்பி போட்டுக் கட்டினேன். இன்ஜினின் மூச்சுக் குழாய் துப்பும் ஆயிலைப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைச் சட்டத்தில் பொருத்தினேன். குட்டி யானை (சின்ன லோடு வண்டி) ஒன்றில் வண்டியை ஏற்றி, மணலி, மாதவரம், பைபாஸ், பூந்தமல்லி என்று போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிட்டது. (தொழிற்சாலையும் பின்னாளில் இதே திசையில்தான் ஒரகடத்துக்கு விரிந்தது என்பதை நினைத்து ஒவ்வொரு முறையும் அந்தச் சாலையில் எனக்குச் சிரிப்பு வரும்.)

முதல் சீசனில் என்னைத் தோற்கடித்தது இன்ஜின் அல்ல, என் கால்கள். அந்தக் காலத்துப் புல்லட்டுக்கு வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். நானோ அன்றாடம் வேலைக்குப் போவது இடக்கால் கியர் உள்ள வண்டியில். தெருவில் நிதானமாக ஓட்டும்போது மூளை இரண்டையும் பிரித்துப் பார்த்துக்கொண்டது. பயிற்சிச் சுற்றில், நேர்ப்பாதையின் முடிவில், முன்னால் போன வண்டி சட்டென்று வேகம் குறைத்தபோது, கியரைக் குறைப்பதாக நினைத்து இடக்காலை அழுத்தமாக மிதித்தேன். பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. வண்டி வால் ஆட்டியபடி என்னை மண்ணுக்குள் கொண்டுபோய் மிக மரியாதையாகப் படுக்க வைத்தது.

அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றை இரண்டாவது பந்தயத்தில்தான் புரிந்துகொண்டேன். 3.717 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட அந்தத் தளத்தில் வண்டிகள் கடிகாரச் சுற்றில் ஓடுகின்றன. அதாவது பெரும்பாலும் வலப்பக்கம் சாய வேண்டும். சைலன்சரும் வலப்பக்கம், கியர் நெம்புகோலும் வலப்பக்கம். கியரைக் குறைக்க வேண்டுமென்றால் நெம்புகோலுக்கு அடியில் கால் விரலை நுழைத்துத் தூக்க வேண்டும். வண்டி சாய்ந்த பிறகு அப்படி நுழைத்தால் நெம்புகோலுக்கும் தார்த் தரைக்கும் நடுவில் விரல் மாட்டும். என் வலது பூட்ஸின் முனை இரண்டே பந்தயங்களில் தேய்ந்து உள்தோல் தெரிந்ததற்கு அதுதான் காரணம். எனவே, சாய்வதற்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே கியர் வேலை முழுவதையும் முடித்துவிட வேண்டும். இதை எழுதுவது எளிது. பழக எனக்கு ஒரு சீசன் ஆயிற்று. தூக்கினால் குறையும், மிதித்தால் ஏறும் என்ற இதே முறைக்குத் தொழில்முறைப் பந்தய வீரர்கள் தங்கள் நவீன வண்டிகளை வேண்டுமென்றே மாற்றிக்கொள்கிறார்கள் என்பதைப் பிறகு அறிந்து கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

டிரம் பிரேக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று சுற்று வரை பிடிக்கும். பிறகு சூடேறி, கைப்பிடி வரை லீவர் வந்துவிடும். அதற்குமேல் பிடித்தது கொஞ்சம் பிரேக், மிச்சம் எங்கள் ஊர் வடிவுடையம்மன்.

இரண்டாவது சீசன் முழுவதும் வீணானது. அதற்குப் பழியை வேறு யார் மேலும் போட முடியாது. பந்தயத்துக்கு முந்தைய வாரம் இன்ஜினின் பக்க மூடியான டைமிங் கவரைக் கழற்றி ஆயில் பம்ப்புகளைச் சுத்தம் செய்தேன். பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்கின் முனைக்குள் ஆயில் நுழையும் இடத்தில், சுண்டுவிரல் நகத்தளவே உள்ள ஒரு கார்க் சீல் உண்டு. புதியது கையில் இல்லாததால் பழையதையே வைத்து மூடினேன். ஸ்டார்ட் செய்து, மேலே வால்வுகளைத் திறக்கும் ராக்கருக்கு ஆயில் வருகிறதா என்று பார்த்தேன், நன்றாகவே வந்தது. ஐந்தாவது சுற்றில், முறுக்கும்போது மட்டும் கேட்கும் ‘டக் டக்’ என்ற ஒலி அடியிலிருந்து வந்தது. வண்டியை ஓரங்கட்டினேன். பிரித்துப் பார்த்தபோது, கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் முனையான பிக் எண்டில் இருக்கும் மிதக்கும் புஷ் வெந்து நிறம் மாறிப் போயிருந்தது. ராக்கருக்கு வந்த ஆயில் அடியில் ஏன் போகவில்லை என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. கிராங்கைப் புதுப்பித்து முடிப்பதற்குள் பந்தய நாள்களும் சேமிப்பும் தீர்ந்தன.

மூன்றாவது சீசனில் ஒரு சந்திப்பு. எங்கள் பிரிவில் புல்லட், யெஸ்டி, ஆர்.டி. 350 எனப்படும் ராஜ்தூத் 350 எல்லாவற்றையும் ஒன்றாகவே விடுவார்கள். என் வண்டி 346 சி.சி., ஆர்.டி. 347. ஒரே ஒரு சி.சி. வித்தியாசம். ஆனால் எஸ்கார்ட்ஸ் 1983-இல் கொண்டுவந்த அந்த ராஜ்தூத்துக்கு இரண்டு சிலிண்டர், ஆறு கியர், முப்பது குதிரைத்திறன்; எனக்கு ஒரு சிலிண்டர், நான்கு கியர், பதினெட்டு. புகையைத்தான் பார்த்துக்கொண்டு ஓட்ட வேண்டும். பந்தயத்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது, வியாசர்பாடியைச் சேர்ந்த ஓர் இளைஞர் தன் ஆர்.டி.யின் பிளக் நனைந்துவிட்டது என்றும் தன் ஸ்பேனரைக் காணவில்லை என்றும் ஓடி வந்தார். என்னுடையதைக் கொடுத்தேன். மெதுவான வளைவுகளில் நான் கொஞ்சம் முறுக்கினாலே வண்டி இழுத்துக்கொண்டு போகும், ஆர்.டி.யோ சுழற்சி ஏறும் வரை தூங்கும். அந்த ஓர் அனுகூலத்தை வைத்து இரண்டு சுற்றுகள் அவரை முன்னே விடாமல் மறித்தேன். மூன்றாவது சுற்றில் நேர்ப்பாதையில் கடந்து போனவர், போகிற போக்கில் இடது கையைத் தூக்கி ஒரு சலாம் வைத்தார். பந்தயம் முடிந்து ஸ்பேனரைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது இரண்டு டீயும் கொண்டு வந்தார். ஆறாவது இடம் எனக்கு, ஐந்தாவது அவருக்கு.

காலடிப்பேட்டை உறுப்பினர்:

தம்பி, உங்கள் தந்தையாரின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் நான் அவரோடு ஷிப்டு பார்த்தவனாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. இன்ஜின் அசெம்பிளியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் ஐயத்துக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். அந்த இன்ஜினில் இரண்டு பம்ப்புகள். ஒன்று டேங்கிலிருந்து ஆயிலை எடுத்து கார்க் சீல் வழியாகக் கிராங்குக்கு அனுப்புகிறது. மற்றொன்று அடியில் வடிந்த ஆயிலை உறிஞ்சித் திருப்பி அனுப்புகிறது. ராக்கருக்குப் போவது திரும்பும் ஆயில். நசுங்கிய கார்க்கின் ஓரமாகக் கசிந்து, பிக் எண்டைத் தொடாமலேயே அடியில் கொட்டிய ஆயிலைத்தான் இரண்டாவது பம்ப்பு மேலே ஏற்றி உங்களுக்குக் காட்டியிருக்கிறது. புதிய கார்க் சற்று வெளியே துருத்தி நிற்க வேண்டும். கவரை வைத்தால் உடனே போய் ஒட்டக் கூடாது, ஸ்க்ரூவை முடுக்க முடுக்கத்தான் அமர வேண்டும். உடனே ஒட்டிவிட்டதென்றால் அந்தக் கார்க் செத்த கார்க்.

எனக்கும் பந்தய நினைவுகள் உண்டு, ஓட்டியவனாக அல்ல, பை சுமந்தவனாக. இருங்காட்டுக்கோட்டைத் தளம் வருவதற்கு முன்பெல்லாம் பந்தயம் என்றால் சோழவரம்தான். செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும். எழுபதுகளில், எங்கள் பிரிவில் இருந்த ஒருவர் தன் சொந்தப் புல்லட்டிலேயே என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார். என் மடியில் ஒரு துணிப்பை, அதற்குள் ஸ்பேனர்கள். அங்கே போய் ஹெட்லைட்டையும் சைலன்சரையும் கழற்றுவோம், அவர் ஓட்டுவார், நான் வேலி ஓரம் நின்று கழற்றிய சாமான்களைக் காவல் காப்பேன். முடிந்ததும் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, பெருங்கூட்டத்தோடு கூட்டமாக இருட்டில் வீடு திரும்புவோம். ஒருமுறை சைலன்சரின் ஒரு கிளாம்பு தொலைந்துவிட, மாதவரம் வரையில் நான் ஈரச் சாக்கால் சைலன்சரைப் பிடித்தபடியே வந்தேன். மறுநாள் காலை முதல் ஷிப்டில் இருவரும் நின்றோம். என் உள்ளங்கையைப் பார்த்த மேஸ்திரி ஒன்றும் கேட்கவில்லை. அவரும் சோழவரத்தில் இருந்திருக்க வேண்டும்.

என்னிடம் நல்ல கார்க் சீல்கள் சில இருக்கின்றன. வந்து வாங்கிக்கொள்ளலாம்.

காசிமேடு உறுப்பினர்:

அண்ணன் எழுதியதைப் படித்ததும் என் தம்பியின் யெஸ்டி நினைவுக்கு வந்தது. அவன் ஓட்டுவான், நான் ஸ்டாப்வாட்சும் பலகையுமாகத் தளத்தோரப் பிட்டில் நிற்பேன். எங்கள் குடும்பம் விசைப்படகு இன்ஜின் வேலை செய்யும் குடும்பம் என்பதால் பிளக்கின் நிறம் பார்ப்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும்: கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், வெள்ளை என்றால் குறைவு, காப்பிக்கொட்டை நிறம் என்றால் சரி. அவ்வளவு தெரிந்தும் ஏமாந்தேன். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி வெயிலில் பயிற்சி. பிளக் கறுப்பாக வந்ததால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டை ஒரு அளவு சிறியதாகப் போட்டோம். நிறம் அருமையாக வந்தது. பந்தயமோ ஞாயிறு காலை. இரவு மழை பெய்து காற்று குளிர்ந்திருந்தது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதற்கு ஈடாகப் பெட்ரோல் கூட வேண்டும் என்பதை யோசிக்காமல் அதே ஜெட்டோடு அனுப்பிவிட்டேன். இரண்டாவது சுற்றில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. யெஸ்டியில் கியர் நெம்புகோலை அசைத்தாலே கிளட்ச் விடுபடும் என்பதால், கையால் கிளட்சைப் பிடிக்கும் முன்பே காலால் தட்டி அவன் கீழே விழாமல் தப்பினான். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பூந்தமல்லி தாண்டிய பிறகு, ‘அக்கா, பசிக்குது’ என்றான். அன்றுமுதல் ஒரு நோட்டில் பந்தய நாளின் நேரம், வெயில், மழை, ஜெட் அளவு எல்லாவற்றையும் எழுதி வருகிறேன்.

ஐயாவிடம் ஒரு கேள்வி: அந்தப் புல்லட்காரர் எத்தனையாவதாக வந்தார் என்று சொல்லவே இல்லையே?

திருவொற்றியூர் உறுப்பினர்:

தங்கச்சி, அந்தக் கேள்வியை நேரிலேயே கேட்டுவிட்டேன். நேற்று மாலை காலடிப்பேட்டைக்குப் போயிருந்தேன். ஐயாவுக்கு எண்பதை நெருங்கும் வயது. கண்பார்வை சற்றுக் குறைந்திருக்கிறது. வண்டியைத் தெருவில் நிறுத்தச் சொல்லி, இன்ஜின் ஆறும் வரை காத்திருந்து, டேப்பட் மூடியைத் திறக்கச் சொன்னார். வால்வைத் திறக்கும் தண்டான புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். மேலும் கீழும் ஆடக் கூடாது, ஆனால் விரலால் தாராளமாக உருள வேண்டும் என்பது கணக்கு. இன்லெட் சரி என்றார். எக்ஸாஸ்ட் இறுக்கமாக இருக்கிறது, இப்படியே ஓட்டினால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது என்று சொல்லி, என் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கித் தானே கால் சுற்றுத் தளர்த்தினார்.

கார்க் சீல்கள் ஒரு பழைய பற்பொடி டப்பாவில் இருந்தன. நான்கு கொடுத்தார். சோழவரத்தில் அந்த நண்பர் எத்தனையாவதாக வந்தார் என்று கேட்டதற்கு, ‘எனக்கெப்படித் தெரியும், நான் சாமானைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்றார். அடுத்த பந்தயத்துக்குக் குட்டி யானையின் முன்சீட்டில் இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.